குடும்பத் துணி

உல்லாசப் பயணம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் ஒருநாளும் அகின்வாலே ஒயெலரானோடு ஊர் சுற்றியிருக்க மாட்டார். நைஜீரியாவில், இபாடான் நகரத்தில் சிமெண்டுக் கடை நடத்துகிற மனிதர் அவர். லாரி வந்ததா, மூட்டை இறங்கியதா, அடுத்த லாரி எங்கே என்று கேட்டே வயதைக் கழித்தவர். கானாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்திலும் அதே கேள்விகள்தான். கடற்கரை பார்த்தாயிற்றா, அடுத்தது என்ன? கோட்டை பார்த்தாயிற்றா, கிளம்பு. மனைவியும் இரண்டு பெண்களும் பெட்டியோடு பெட்டியாக அவர் பின்னால் இழுபட்டார்கள்.

குமாசிக்கு வந்து இறங்கிய மறுநாள் சனிக்கிழமை. மனைவி மொரெனிகேயால் கட்டிலிலிருந்து காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. எல்லைக்கு எல்லை வரிசையில் நின்றதும், பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்ததும் சேர்ந்து பாதங்கள் உப்பிக் கிடந்தன. கொஞ்ச நேரம் யாரும் எதையும் காட்டாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

“எந்திரி, இரெத்தி அம்மா,” என்றார் அகின்வாலே. குளித்து முடித்து, தொப்பி வரைக்கும் போட்டுத் தயாராக நின்றார். “அரண்மனை பாக்கணும், பெரிய சந்தை பாக்கணும், மத்தியானம் தமாலே ஊருக்கு பஸ். புதுத் துணியக் கட்டிக்கிட்டு வாங்க. நாலு பேரும் ஒண்ணா நின்னு போட்டோ எடுக்கணும்.”

இரெத்தி அம்மா. அந்தப் பெயர் இன்னும் அவள் காதில் ஒட்டவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அவள் சொந்தப் பெயர் பரணுக்குப் போய்விடும். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஊர் அவளைக் கூப்பிடும். இருபத்தோரு வருஷம் அவள் டோட்டுன் அம்மாவாக இருந்தாள். மீன்காரி கூப்பிட்டாலும் அதுதான், பாதிரியார் கூப்பிட்டாலும் அதுதான். போன வருஷ மழைக்காலத்தில் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த டோட்டுனின் பஸ், நெடுஞ்சாலையில் நின்றிருந்த டிரெய்லருக்குள் போய்ச் சொருகியது. அந்த வாரமே அவள் இரெத்தி அம்மா ஆகிவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

பெரியவர் ஒருவர் போனால் நாங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போடுவோம், மாடு அடிப்போம், விடிய விடிய ஆடுவோம். பெற்றவர்கள் உயிரோடிருக்கப் பிள்ளை போனால் ஒன்றும் கிடையாது. பெற்றவர்கள் அடக்கத்துக்குப் போகக்கூடாது, குழியைப் பார்க்கக்கூடாது. டோட்டுனை அவன் நண்பர்கள் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கே என்றுகூட மொரெனிகேக்குத் தெரியாது. குடும்பத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, மிச்சமிருக்கிற இரண்டும் நன்றாக இருக்க வேண்டுமென்றால் அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது, அழுகையும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, மரியாதைக்கு வைத்த கோலா கொட்டையை மென்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன, எழுந்து போய்விட்டார்கள். அகின்வாலே அதைக் கடவுள் வாக்காகப் பிடித்துக்கொண்டார். போட்டோக்கள் சுவரிலிருந்து இறங்கின. அறை பூட்டப்பட்டது. மொரெனிகே அந்தப் பூட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்ததும், இடம் மாறினால் சரியாகும் என்று இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்.

அவளுக்கு வேண்டியிருந்தது பயணம் அல்ல. தன் பிள்ளைக்காக ஒரே ஒருநாள், நாலு பேர் முன்னால், அவன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்காது என்று தெரிந்ததிலிருந்து அவள் புருஷனை எந்தப் பெயரிட்டும் கூப்பிடுவதில்லை. டோட்டுன் அப்பா என்று சொல்ல அவர் விடமாட்டார், இரெத்தி அப்பா என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பாது. “இங்க பாருங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

“அம்மா, கால நீட்டு,” என்று இரெத்தி அவள் பாதத்தைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தாள். பதினேழு வயது, வாய் மட்டும் நாற்பது. “இன்னிக்கு ஒருநாள் தாங்கிக்கோ. அப்பாவுக்குப் பாக்க இன்னும் மிச்சமிருக்கிறது சகாரா பாலைவனம் ஒண்ணுதான்.”

“எல்லாம் காதுல விழுது,” என்றார் அகின்வாலே.

“விழட்டும்னுதாம்ப்பா சொல்றேன்.”

துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு: நாலு பேர் சேர்ந்து நின்றால் நாலு பேருக்கும் ஒரே துணி வேண்டும். கல்யாணம், பெயர் சூட்டல், வீடு குடிபோதல், எதற்கானாலும் குடும்பத் துணி. அகின்வாலே அக்ரா சந்தையில் நுழைந்ததும் அதைத்தான் தேடினார். கறுப்புத் தரையில் ரத்தச் சிவப்பில் பெரிய பெரிய இலைகள் போட்ட துணியைப் பார்த்ததும் கண் விரிந்தது. கடைக்காரி எத்தனை பேருக்கு என்று மெதுவாகக் கேட்டாள். குடும்பத்துக்கே என்றார். அவள் நெஞ்சில் கை வைத்து, “டுவே, டுவே” என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, பேரம் பேசாமல் அவர் கேட்ட விலைக்கே வெட்டிக் கொடுத்தாள். என் வாயைப் பார்த்து அக்ராக்காரியே பயந்துவிட்டாள் என்று அன்றைக்கு முழுக்கப் பீற்றிக்கொண்டார். அடுத்துப் போன கேப் கோஸ்ட் ஊரில் தையல்காரர் கையிலிருந்த மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஒரே நாளில் தைத்துக் கொடுத்தார். இவர்களுக்கு நம்மேல் எவ்வளவு மரியாதை பார் என்றார் அகின்வாலே. மரியாதை உண்மைதான். எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

அதே கேப் கோஸ்டில், கடலோரக் கோட்டையின் நிலவறையில், அந்தக் காலத்தில் சங்கிலி போட்டு அடைத்துக் கப்பலேற்றிய மனிதர்களைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தான். இருட்டில் யார் யாரோ அழுதார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கறுப்புப் பெண்மணி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். மொரெனிகேக்கும் அழுகை பொங்கி வந்துவிட்டது. இங்கே அழுதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்று நினைத்து அவள் தரையில் உட்காரப் போன நேரம், அகின்வாலே முழங்கையைப் பிடித்துவிட்டார். “போலாம், பஸ் போயிரும்.” வந்த அழுகை வந்த வழியே திரும்பிப் போனது. அன்றிலிருந்து உடம்பெல்லாம் வலி.

இப்போது நாலு பேரும் சிவப்பும் கறுப்புமாகக் குமாசித் தெருவில் நின்றார்கள். சின்னவள் மொயோவுக்கு ஒன்பது வயது. அதே துணியில் தலைக்கு ரிப்பன்கூடத் தைத்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவர்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். வாழைக்காய் சுடுகிற பெண் எழுந்து நின்றாள். டாக்சிக்காரர் அவர்களைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு, இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

“அரண்மனைப் பக்கம் போகணும்,” என்றார் அகின்வாலே.

“தெரியும் ஐயா. காலையிலேர்ந்து இதே சவாரிதான்.”

“பாத்தியா? எவ்ளோ கூட்டம் பாக்க வருது!” என்று அகின்வாலே பின்னால் திரும்பிச் சொன்னார்.

டாக்சி அரண்மனைச் சாலையில் பாதி போய், ஒரு மைதானத்தின் வாசலில் நின்றது. உள்ளே வரிசை வரிசையாகப் பந்தல்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேளம், ஆளுயர ஒலிபெருக்கிகள். நூற்றுக்கணக்கான பேர். அத்தனை பேரும் சிவப்பிலும் கறுப்பிலும்.

“அப்பா,” என்றாள் இரெத்தி மெதுவாக, “இந்த ஊரே நமக்குப் பங்காளி போலிருக்கே.”

அகின்வாலே வாயைத் திறப்பதற்குள் தோளில் சிவப்புத் துண்டு போட்ட ஒரு ஆள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். எங்கிருந்து என்று ஆங்கிலத்தில் கேட்டார். இபாடான் என்று பதில் வந்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. “இபாடானா! ஐயோ, அங்கேர்ந்தா வந்தீங்க! நம்ம ஓபிரி வாத்தியார் அந்தக் காலத்துல இபாடான்லதான கணக்கு சொல்லிக் கொடுத்தாரு! ஏய், யாரு வந்திருக்காங்க பாருங்கப்பா! வாத்தியாரோட மாணவர் குடும்பத்தோட வந்திருக்காரு!”

“இல்லிங்க, நாங்க வந்து…”

“பேச வேணாம். தெரியும். வாங்க, வாங்க.”

குமாசியில் சாவுச் சடங்கு சனிக்கிழமைதான் என்பதும், சிவப்பும் கறுப்பும் கலந்த துணியை அங்கே யாரும் போட்டோவுக்காக உடுத்துவதில்லை என்பதும் அகின்வாலேயின் மண்டையில் அப்போதுதான் இறங்கியது. அக்ரா கடைக்காரியின் இரக்கமும் இறங்கியிருக்க வேண்டும், காது மடல்வரை முகம் கன்றிப்போனது. ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று எப்படிச் சொல்வது? பின்னால் வந்த கூட்டம் தள்ள, நாலு பேரும் வரிசையில் நகர்ந்தார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வலக்கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டே போக வேண்டும். அதுதான் அங்கே முறை. மொயோ ரொம்பத் தீவிரமாக எல்லாருக்கும் கை கொடுத்தாள். பிறகு இவர்களை உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து இவர்கள் கையைக் குலுக்கினார்கள். தண்ணீர் வந்தது, தட்டில் சோறும் மீனும் வந்தன.

மொரெனிகேக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் புல்லில் வைத்தாள். அகின்வாலே ஆண்கள் பக்கம் இரண்டு வரிசை தள்ளி, முள்மேல் உட்கார்ந்தவர் போல நெளிந்துகொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் அவள் வயதொத்த ஒரு பெண் விசிறியால் தனக்குப் பாதி, அவளுக்குப் பாதியாக வீசிக்கொண்டிருந்தாள். பெயர் செர்வா. இறந்துபோன வாத்தியாரின் மருமகள். பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை.

“மாமா கிட்ட படிச்சது உன் வீட்டுக்காரரா?”

மொரெனிகேயால் பொய் சொல்ல முடியவில்லை. “உங்க மாமாவ எங்களுக்குத் தெரியாதும்மா. நாங்க ஊர் சுத்த வந்தவங்க. துணி எங்கள இங்க கொண்டாந்து விட்டுருச்சு. தப்பா எடுத்துக்காத.”

செர்வா விசிறியை நிறுத்தினாள். மொரெனிகேயின் துணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“துணி தெரியாம கட்டிருக்கலாம்,” என்றாள். “மூஞ்சி? அது தெரியாம வருமா? உன் வீட்ல யாரு போனது?”

இத்தனை மாதங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. சொந்த அக்கா கேட்கவில்லை. பாதிரியார் கேட்கவில்லை. எல்லாருக்கும் பதில் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவள் மீன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

“டோட்டுன்,” என்றாள் மொரெனிகே. தன் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது. “என் மூத்தவன். டோட்டுன்.”

“அடப் பாவமே. எங்க வச்சீங்க?”

“தெரியாது. பெத்தவங்க போகக்கூடாது எங்க ஊர்ல.”

“அழுதியா?”

“விடல.”

செர்வா மீன் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து காதோடு சொன்னாள். “இங்க பாரு. எங்க மாமாவுக்கு எண்பத்தெட்டு வயசு. கடைசிவரைக்கும் எல்லாரையும் கணக்கு கேட்டே உசிர வாங்குனாரு. உண்மையா அழ இங்க ஆளு ரொம்பக் கம்மி. நீ அழுதா எங்களுக்கும் கௌரவம். மேளச் சத்தத்துல யாரு யாருக்கு அழறான்னு எவனுக்குத் தெரியப்போகுது? அழு.”

மொரெனிகேக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. பிறகு அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறையில் அழுகிற அழுகை அல்ல. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, என் ராசா, டோட்டுன், என்னைத் தூக்க வேண்டியவனே, உன்னை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று எங்கள் மொழியில் கூவி அழுதாள். சுற்றியிருந்த பெண்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேர் எழுந்துவந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “டுவே, டுவே” என்றார்கள். இரெத்தி தன் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அகின்வாலே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இரெத்தி அம்மா, என்ன இது? எந்திரி. யாரோ செத்ததுக்கு…”

“யாரோ இல்ல.”

“சரி, எந்திரி. புள்ளைங்க பாக்குதுங்க. பெரியவங்க என்ன சொன்னாங்க, மறந்துட்டியா?”

“பெரியவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க,” என்றாள் மொரெனிகே. மூக்கைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. “நான் அந்த வீட்லதான் இருந்தேன். இங்க பாருங்க, நீங்க தமாலே போங்க, எங்க வேணா போங்க, எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. எனக்குப் பாத்தது போதும். நான் இங்கேர்ந்து எந்திரிக்கப் போறதில்ல.”

“அப்பா,” என்று இரெத்தி மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். “எங்களுக்காகன்னு சொல்லாதீங்க. எங்கள யாரும் கேக்கல. அவன் பேரு சொன்னா நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன்.”

அகின்வாலேயின் தாடை இறுகியது. கத்துவார் என்று மொரெனிகே நினைத்தாள். கத்தினாலும் கவலையில்லை என்றிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில் மூட்டைக் கணக்குப் பேசுகிற குரலில் சொன்னார். “அவங்க சோத்தத் தின்னுட்டுச் சும்மா போனா அசிங்கம். மொய் வச்சிட்டு வரேன். வந்ததும் கெளம்பணும்.”

மொய் மேசை பந்தலின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே ஒருவர் பெயர் கேட்க, பக்கத்தில் இன்னொருவர் ஒலிபெருக்கியில் அதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னார், இன்ன ஊர், குடும்பத்தார் சார்பில் நன்றி. உடனே மேளத்தில் இரண்டு தட்டு. மொரெனிகே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செர்வா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போவார், போகட்டும் என்று நினைத்தாள். அழுததுவரை லாபம்.

“அடுத்து,” என்றது ஒலிபெருக்கி, “நைஜீரியாவிலேர்ந்து, நம்ம வாத்தியார் வேலை பார்த்த இபாடான் நகரத்திலேர்ந்து வந்திருக்கிற… டோட்டுன்! டோட்டுன் ஒயெலரான்!”

மேளத்தில் இரண்டு தட்டு. கைதட்டல்.

மொரெனிகேயின் கையிலிருந்த தண்ணீர் மடியில் கொட்டியது. காதில் விழுந்ததை அவள் நம்பவில்லை. மைதானத்தின் நாலு மூலையிலும் நின்ற நாலு ஒலிபெருக்கிகளும் அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லியிருந்தன. மொயோ வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்தாள்.

“டோட்டுன் ஒயெலரானுக்குக் குடும்பத்தார் சார்பில் நன்றி. எவ்ளோ தூரத்திலேர்ந்து வந்திருக்காரு! டோட்டுன் எங்க? கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க தம்பி, குடும்பத்தார் வந்து கை கொடுக்கணும்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. மேசைக்கு எதிரே அகின்வாலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சிவப்பு இலை போட்ட முதுகு அசையவே இல்லை.

“டோட்டுன் ஒயெலரான்? வந்திருக்காரா, இல்லியா?”

மொரெனிகே எழுந்து நின்றாள். வெறும் காலோடு, நனைந்த துணியோடு நின்று கையை உயர்த்தினாள். இரெத்தி எழுந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மொயோவும் எழுந்தாள். இறந்தவரின் குடும்பம் வரிசையாக வந்தது. மகன்கள், மருமகள்கள், பேரன்மார். ஒவ்வொருவரும் மூன்று பேருக்கும் கை கொடுத்து நகர்ந்தார்கள். செர்வா மட்டும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நன்றி, டோட்டுன் என்றார்கள் சிலர். இவர்கள்தான் டோட்டுன் என்று நினைத்தார்களோ, டோட்டுனுடைய ஆட்கள் என்று நினைத்தார்களோ, மொரெனிகே யாரையும் திருத்தவில்லை.

அந்த வரிசையின் கடைசியில் அகின்வாலே நின்றார். மற்றவர்களைப் போலவே வலக்கையை நீட்டிக்கொண்டு வந்தார். மொயோவுக்குக் கை கொடுத்தார். இரெத்திக்குக் கொடுத்தார். மனைவியின் முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“என் பேர்லதான் வைக்கப் போனேன்,” என்றார். “அந்தாளு பேரு என்னன்னு கேட்டான். வாயில இதுதான் வந்துச்சு.”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. சிமெண்டு மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் போடுகிற மனிதர், மடங்கி நாற்காலியில் விழுந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். தமாலே பஸ் கிளம்பும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மொரெனிகே பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். யாருக்காக அழுகிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.